சுப்புத்தாய் பெயரில் ஓர் இலைப்பேன்

அன்று கல்லூரிக்கு விடுமுறை. விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஜெயக்கொடியும் நானும் மட்டும்தான் இருந்தோம். மின்விசிறியைப் போடவில்லை. இலைப்பேன் என்ற பொடிப் பூச்சியோடு வேலை நடக்கும்போது மின்விசிறி ஓடினால் பல மாத உழைப்பு சன்னல் வழியாகப் பறந்துவிடும். விருதுநகர் வெயிலில் காற்றில்லாத அறையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எழுதிப் புரியவைக்க முடியாது. சேலை முதுகோடு ஒட்டி, எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்த ஜெயக்கொடி எழுந்து, முக்காலியை எனக்கு விட்டாள்.

"நீங்களே பாருங்கக்கா" என்றாள்.

பார்த்தேன். கண்ணாடித் தட்டில் ஏழெட்டு இலைப்பேன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் புளியங்கொட்டை நிறம்.

"வெள்ளி எங்க?"

"இல்லைக்கா. இங்க வளத்ததுல போன தலைமுறையிலயும் இல்ல. அதுக்கு முந்துன தலைமுறையிலயும் இல்ல. ஒண்ணுல கூட இல்ல."

நான் மறுபடியும் குனிந்து பார்த்தேன். இரண்டாம் தடவை பார்த்தால் நிறம் மாறிவிடும் என்பதுபோலப் பார்த்தேன். மாறவில்லை.

அந்த வெள்ளி மினுமினுப்பை நம்பித்தான் அதைப் புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்லியிருந்தோம். அந்த இனத்துக்கு ஜெயக்கொடியின் அம்மா பெயரை வைத்திருந்தோம். வெள்ளி இல்லையென்றால் அது புதிய இனம் இல்லை. புதிய இனம் இல்லையென்றால் அம்மாவின் பெயரும் நிற்காது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

லேபிள் வீட்டுப் பெண்

எங்கள் அச்சகத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்பா சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடித்தவர்.

பெயர் வைப்பது எங்கள் வீட்டில் தொழில். சீசனுக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கோடு வருவார்கள். "அண்ணாச்சி, இதுக்கு ஒரு பேரு சொல்லுங்க" என்பார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துவிட்டு, கூரையைப் பார்த்து ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார். பறவை, சாமி, யாருடைய மகளாவது. அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று, காப்பி வரும்.

என் அக்காள் பெயரில் ஒரு புஸ்வாணம் வந்தது. அந்த வருடம் பார்த்து நல்ல மழை. சரக்கு நமுத்துப்போய், பற்றவைத்தால் புகை மட்டும் வந்தது. தெருப்பிள்ளைகள் அக்காளைப் பார்த்துப் புஸ் என்றார்கள். அவள் அப்பாவோடு பல நாள் பேசவில்லை. அடுத்த சீசனில் அதே புஸ்வாணத்துக்கு வேறு பெயர், வேறு படம். பழைய லேபிள்கள் பழைய பேப்பர் விலைக்குப் போயின. யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் பெயரில் ஓர் ஓலைவெடிகூட வந்ததில்லை. இந்த வயதிலும் அது எனக்கொரு மனக்குறைதான்.

பூச்சியியல் பக்கம் வந்த பிறகுதான், பெயர் வைப்பதில் இன்னொரு வகையும் இருக்கிறது என்று தெரிந்தது.

வைத்தால் வைத்ததுதான்

இலைப்பேன் என்றதும் எங்கள் சொந்தக்காரர்கள் தலையைச் சொறிவார்கள். அது தலையில் இருப்பதில்லை. மிளகாய், பருத்தி போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். இலையைச் சுரண்டிச் சாறு குடிக்கும். அதன் சிறகு ஓரத்தில் சீப்புப் பல் போல மயிர் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது "பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்றா" என்று கேட்டார்கள். அம்மா "பட்டாம்பூச்சி" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றினாள்.

உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. முதலில் முறைப்படி அச்சில் வந்த பெயர்தான் நிற்கும். அது பொருத்தமில்லாத பெயராக இருந்தாலும் நிற்கும். அதே பூச்சிக்குத் தெரியாமல் இன்னொருவர் பின்னால் வந்து வேறு பெயர் வைத்தால் அது செல்லாது. அதை அழிப்பதும் இல்லை. பழைய பெயருக்குக் கீழே சமக்குறி போட்டு, சின்ன எழுத்தில் சேர்த்துவிடுவார்கள். எங்களுக்குள் அதைப் பெயரை இறக்கிவிடுவது என்போம்.

வழக்கம் ஒன்றும் உண்டு. கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் கூட்டத்தில் சிரிப்பார்கள். அம்மா பெயரை வைக்கலாம். வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலிக்குள் ஒரு முள்செடி

ஜெயக்கொடி எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர். என்னைவிட இருபது வயது இளையவள். ஆமத்தூர்க்காரி. சாவு வீட்டில்கூடச் சிரிக்கவைக்கும் வாய். இலைப்பேன் வேலைக்கு வேண்டிய கண்ணும் பொறுமையும் அவளுக்கு இருந்தன. எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்வது நன்றாக நடந்தது.

அவளுடைய அம்மா சுப்புத்தாய்க்கு ஆனைக்குட்டம் போகிற பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி என் பெரியம்மா மகனுடையது. எங்கள் வீடு லேபிள் அடித்தது, அவர்கள் வீடு அதை ஒட்டியது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

கட்டாஞ்சி என்று ஊரில் சொல்லும் முள்செடி ஒன்று உண்டு. அதன் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே குடியிருக்கும் இலைப்பேன்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். வெளியே ஆடு மேய்ந்தும், மனை போட்டும் செடியே குறைந்துவிட்டது. கம்பெனி வேலிக்குள் ஆட்டுக்கு வழியில்லை. நெருப்பும் வராது. அங்கே செடி ஆள் உயரம் நின்றது.

கம்பெனி நடத்தும் அந்த அண்ணனிடம் கேட்டேன். "பூச்சி பிடிக்கவா? தாராளமா வாங்க. கொசுவையும் சேர்த்துப் பிடிச்சுட்டுப் போங்க" என்றான்.

கேட்டில் போர்மேன் எங்களை உடனே உள்ளே விடவில்லை. கைப்பேசியை வாங்கிவைத்தார். இரும்பு இடுக்கியை வாங்கிவைத்தார். கிளையைத் தட்டிப் பூச்சியை விழவைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டையும் வாங்கிவைத்தார்.

"பிளாஸ்டிக் உள்ள போகக் கூடாது டீச்சரம்மா. ஒரு பொறி போதும்."

பிறகு என் சேலையைப் பார்த்தார். "அதும் பாலியெஸ்டராட்டம் இருக்கே" என்றார்.

ஆபீஸ் பெண்ணிடம் ஒரு நூல் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டேன். செருப்பைக் கழற்றி, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போனோம். தட்டுக்குப் பதிலாக, கழித்துப் போட்ட லேபிள் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் கிளையைத் தட்டினோம். திருப்பிப் பார்த்தால், அப்பாவுக்குப் பிறகு அச்சகத்தை நடத்தும் என் தம்பி அச்சடித்த மயில்.

சாப்பாட்டு நேரம். பெண்கள் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். அலுமினியப் பவுடர் ஏறிய முகங்கள், புருவம்கூட மின்னியது. அதில் ஒரு முகம் ஜெயக்கொடியைக் கண்டதும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தது.

"ஏட்டி, நீ எதுக்கு இங்கன வந்த?"

"காலேஜ் வேலையாம்மா. இந்தா, டீச்சரு இருக்காகள்ல."

"எந்த வேலையா இருந்தாலும் வெளிய போ. ஓம் பேக்கை எடு. போ."

என்னைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்து, "தப்பா நினைக்காதீக டீச்சர். அவளை இதுக்குள்ள விட்டதே இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக எல்லாம் லீவுக்கு வரும். இவளை ஒரு நா கூட விட்டதில்ல" என்றாள்.

ஜெயக்கொடி சிரித்துச் சமாளித்தாள். அம்மா திரும்பிப் போகும்வரை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். அதற்குள் எங்கள் டப்பாவில் பூச்சி விழுந்திருந்தது. வெள்ளி மினுக்கிய பூச்சி.

குமிழ்கள்

எங்களை ஏமாற்றியது, பூச்சி பிடித்ததற்கு முந்தைய நாள் பெய்த கோடைமழை. இலைகள் கழுவிவிட்டது போலப் பச்சையாக இருந்தன. சுருண்ட இலையைப் பிரித்தால் உள்ளே பூச்சிகள் மட்டும் மின்னின. மூடிய வீட்டுக்குள் தூசி எப்படிப் போகும்? அந்த நிறம் அதற்குப் பிறவியிலேயே இருப்பது என்று முடிவு செய்தோம்.

வெளியூர்க்காரர் யாராவது வந்திருந்தால் முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும். எங்களுக்கு அந்த மினுமினுப்பு பழகிப்போனது. கம்பெனி வேன் சீட்டில் இருக்கும், நாய் முதுகில் இருக்கும், கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவர் நகக்கண்ணில் இருக்கும். தினம் பார்ப்பதைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

இலைப்பேனைக் கண்ணாடியில் ஏற்றுவதற்கு முன் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து உடம்பைத் தெளியவைப்போம். அன்று ஊறவைத்ததும் பூச்சிகளின் மேலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது.

"என்னக்கா இது, சோடா பாட்டிலாட்டம்?" என்றாள் ஜெயக்கொடி.

"பழைய காஸ்டிக். புதுசு வாங்கித்தர ஆபீஸ்ல மனசு வரணுமே" என்றேன்.

அலுமினியத்தைக் காஸ்டிக்கில் போட்டால் குமிழ் விடும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். அன்று அது எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. தெளிந்த பூச்சியில் நிறம் போய்விட்டது. ஊறவைத்தால் எந்தப் பூச்சியானாலும் நிறம் வெளுக்கும் என்பதால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயருக்கு ஆதாரமாக அருங்காட்சியகத்தில் வைக்கும் மூலப் பூச்சியை, நிறம் கெடக்கூடாதென்று காஸ்டிக்கில் போடாமலே ஏற்றினோம். அது மட்டும் கண்ணாடிக்குள் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. அதையும், ஒரு மயிரின் நீளத்தையும் வைத்துப் புதிய இனம் என்று எழுதினோம். ஜெயக்கொடி பெயர் முதலில், என் பெயர் அடுத்து. கட்டுரையைச் சரிபார்த்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

பெயர் விஷயத்தில் அவள் யோசிக்கவே இல்லை. அவள் பக்கத்தில் பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பார்கள். ஜெயக்கொடிக்கு இரண்டு பிள்ளைகளும் ஆண். கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. "எங்கம்மா பேரு எங்கம்மாவோட நின்னுபோகுமேன்னு இருந்துச்சுக்கா. இனிமே நின்னுபோகாது" என்றாள்.

சுப்புத்தாய்க்கு முதலில் பிடிக்கவில்லை. "பூச்சிக்கு வைக்கத்தான் எம் பேரு கிடைச்சுச்சா?" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் போகிற சேலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தாள். இலைக்குள் முட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பூச்சி நகராமல் நின்றது.

"இது தாயா?"

"ஆமாம்மா. முட்டையை விட்டுப் போகாது."

"கெட்டிக்காரிதான்" என்றாள். அதற்குப் பிறகு வாயெல்லாம் பல்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜையில் அண்ணன் எல்லோர் முன்னாலும் சுப்புத்தாய்க்குப் பொன்னாடை போர்த்தினான். கம்பெனியில் அவளைப் பூச்சியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை போடும்போதுகூட, "இவ பெரிய பூச்சியம்மா" என்றுதான் ஆரம்பித்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும்.

மறுபடியும் அந்த விடுமுறை நாள்

பூச்சி எத்தனை நாளில் முட்டையிடுகிறது, எப்படி வளர்க்கிறது என்று பார்க்கத்தான் ஜெயக்கொடி அவற்றைக் கல்லூரியில் வளர்த்தாள். பாட்டில் தண்ணீரில் கட்டாஞ்சிக் கிளை, மேலே வேட்டித் துணி. அடுத்த கட்டுரைக்கான வேலை அது. குஞ்சுகள் வளர்ந்து பெரிதாகின. வெள்ளி வரவில்லை. சாத்தூர்ப் பக்கம் தண்டவாளத்து ஓரம் ஒரு செடி கண்டுபிடித்து, அங்கிருந்தும் கொண்டுவந்தாள். அவையும் புளியங்கொட்டை நிறம். மயிரின் நீளம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. வேறோர் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பூச்சி ஒன்றின் படத்தைக் கேட்டு வாங்கினாள். எப்போதோ ஒருவர் வேறொரு வறண்ட சீமையில் பிடித்துப் பெயர் வைத்த பூச்சி. எங்களுடையதும் அதுவும் ஒன்றேதான். அந்தப் பழைய பெயருக்கு மங்கலானது என்று அர்த்தம்.

எங்கள் பூச்சியில் புதிதாக இருந்தது சுப்புத்தாயின் கம்பெனிப் பவுடர் மட்டும்தான்.

"யாருக்குத் தெரியும்?" என்றேன் அன்று. "நம்ம ரெண்டு பேருக்குத்தான். இதைத் தேடி இந்தப் பக்கம் எவன் வரப்போறான்? அம்மா இருக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே."

"அது சரியில்லக்கா."

"பொய் எழுதச் சொல்லல. எழுதறதைத் தள்ளிப்போடுன்னு சொல்றேன்."

அவள் பாட்டில்களைத் துணியால் மூடினாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. இனிமே அந்தப் பேரைப் படிக்கும்போதெல்லாம் பவுடருதான் கண்ணுல நிக்கும். வேற எவனாவது இறக்கிவிட்டா கேலி பண்ணி எழுதுவான். நான் இறக்கிவிட்டா மரியாதையா இறக்கிவிடுவேன்."

"அம்மாகிட்ட?"

"சொல்லிட்டுத்தான் அனுப்பணும். நீங்களும் வரணும்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

தள்ளிப்போட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. அவள் செய்தது சரி. சரியானதைச் செய்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. பெயரை இறக்கிவிட்ட கட்டுரை அச்சில் வந்து, அடுத்த ஐப்பசி மழையில் சுப்புத்தாய் போய்விட்டாள். நெஞ்சில் சளி என்றார்கள். பட்டியலில் இப்போது பழைய பெயருக்குக் கீழே, சமக்குறிக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் அவள் பெயர் இருக்கிறது. பேர் போட்டிருக்கிறார்களே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் பெயர் மேலே நின்றிருக்க வேண்டும்.

ஆமத்தூரில் ஒரு சாயங்காலம்

அந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் நாங்கள் சொல்லப் போனபோது சுப்புத்தாய் அப்போதுதான் வேலைவிட்டு வந்து, குளித்து, ஈரத்தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேலைத் துணி தனியாகக் கொடியில் கிடந்தது.

"வாங்க டீச்சர். காப்பி குடிக்கீகளா?"

"அப்புறம் குடிக்கேன். நீங்க உக்காருங்க."

ஜெயக்கொடி அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தவள், நேராகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, அந்தப் பூச்சிக்கு முன்னாடியே வேற பேரு வச்சிருக்காக. எங்களுக்குத் தெரியாமப் போச்சு. ஓம் பேரை எடுக்கணும்."

சுப்புத்தாய் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப அது நம்மூர்ப் பூச்சி இல்லையா?"

"நம்மூருலயும் இருக்கு. பேருதான் முந்தியே வச்சுட்டாக."

"வெள்ளையா மின்னுச்சேட்டி. அப்படிப் பூச்சி வேற எங்கயும் இல்லன்னியே."

"அது பவுடரும்மா" என்றாள் ஜெயக்கொடி. "ஒங்க கம்பெனியில பறக்குற பவுடரு. இலைக்குள்ள போகையிலயும் வரையிலயும் அது மேல ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. நாங்க அதான் அதோட நெறம்னு நினைச்சுட்டோம்."

சுப்புத்தாய் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"குஞ்சு பொரிச்சுச்சுன்னு சொன்னியே. அதுகளுக்கும் ஒட்டியிருக்கா?"

"இல்லம்மா. அதுகளைக் காலேஜுல வச்சுல்ல வளத்தேன். ஒண்ணு மேல கூட இல்ல."

"ஒண்ணு மேல கூட?"

"இல்லம்மா."

சுப்புத்தாய் எழுந்தாள். காப்பிக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போகிறவள், மகளின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

"பிள்ளைகளுக்கு ஒட்டலைல்ல. அது போதும். எம் பேரு போனாப் போகுது."